பட்டினி முறை வெங்காயம்

உக்காருங்க அம்மிணி. அந்தச் சேர் வேண்டாமுங்க, அதுக்கு ஒரு காலு நொண்டி. இதுல உக்காருங்க. பூங்கொடி, காலேஜ்ல இருந்து ஒரு அம்மிணி வந்துருக்குது, மோரு கொண்டா! என்ற ஊட்டுக்காரிங்க. காது நல்லாத்தான் கேக்கும், நாஞ்சொன்னா மட்டும் கேக்காது.

ம், இப்பக் கேளுங்க. என்ன போட்டிருக்குது அந்தக் காயிதத்துல? 'பயிர் உற்பத்தித் தொழில்நுட்பத் தகவல்களைத் தாங்கள் எங்கிருந்து பெறுகிறீர்கள்?' நல்ல கேள்விதானுங்க. ஆனா ஆள் மாறி வந்துட்டீங்க. நான் எங்கயும் பெறுறதில்லைங்க. எல்லாரும் எங்கிட்ட இருந்துதான் பெறுறாங்க. அத எப்படி எழுதோணுமோ அப்படி எழுதிக்குங்க.

ஆபீஸ்ல என்ற பேரச் சொல்லித்தானே அனுப்புனாங்க? முன்னோடி விவசாயி நாட்ராயன்னு? அதா, செவுத்துல தொங்குது பாருங்க சர்டிபிகேட்டு. பக்கத்துலயே பேப்பர்ல வந்த போட்டோ. மக்காச்சோளத்துக்கு நடுவுல நிக்கறது நாந்தான். சோளம் என்னுது இல்லீங்க, அது என்ற தம்பி திருமூர்த்தியோடது. அன்னைக்கு ஜீப்பு என்ற காடு வரைக்கும் எறங்க மாட்டேன்னு நின்னுருச்சு. ரோட்டோரம் அவன் காடு. ஆபீசர் சொன்னாரு, 'இங்கயே நில்லுங்க, எல்லாம் சோளந்தானே'ன்னு. நின்னேன். மண்ணு யாருதா இருந்தா என்னங்க, மூஞ்சி என்னுது. அன்னைல இருந்து அவனுக்கும் எனக்கும் பேச்சில்லை. ஏழு வருசமாச்சு. ஒரு போட்டோவுக்காக எவனாவது கூடப் பொறந்தவன்கிட்டப் பேச்ச நிறுத்துவானுங்களா? அவன் நிறுத்துனான்.

சரி, நீங்க வந்த வேலையக் கெடுக்கல. ஒண்ணொண்ணாச் சொல்றேன், எழுதிக்குங்க.

வேளாண்மை ஆபீஸ். நல்ல மனுசங்க. வருசத்துக்கு ஒருக்கா வருவாங்க, ஆதார் கார்டு ஜெராக்ஸ் கேப்பாங்க. வெத மூட்டையக் கையில குடுத்து போட்டோ எடுப்பாங்க. அப்புறம் அந்த மூட்டைய வாங்கி அடுத்தவன் கையில குடுத்து அவனையும் போட்டோ எடுப்பாங்க.

மருந்துக்கடைக்காரர். அவருதானுங்க இந்தச் சுத்துப்பட்டு வெள்ளாமைக்கெல்லாம் டாக்டரு. சீக்கு வந்த தாளைக் கொண்டு போனா கையில வாங்கி இப்படித் திருப்பிப் பாப்பாரு, அப்படித் திருப்பிப் பாப்பாரு, அப்புறம் அலமாரியப் பாப்பாரு. எந்த டப்பாவுக்குத் தேதி முடியப் போகுதோ அந்தச் சீக்குத்தான் நம்ம பயிருக்கு வந்திருக்கும்.

அப்புறம் வாட்சப்பு. பதினோரு குரூப்புல இருக்கேன். விடிஞ்சா நாப்பது ரோசாப்பூ, காலை வணக்கம். அதுக்கு நடுவுல ஒரு தகவல் வரும், பூண்டு நசுக்கி அடிச்சாப் பூச்சி செத்துரும்னு. பொழுதோட அதே குரூப்புல இன்னொண்ணு வரும், பூண்டு அடிச்சாப் பயிரே செத்துரும்னு. நான் ரெண்டையும் மத்த பத்து குரூப்புக்கும் அனுப்பிருவேன். எது பலிச்சாலும் நாட்ராயன் அன்னைக்கே சொன்னான்னு ஆயிருமில்லீங்க.

அடுத்த கட்டத்துல என்ன போட்டிருக்குது? அண்டை விவசாயியா? அது வேண்டாமுங்க. அதுக்கு நேரா ஒரு கோடு இழுத்துருங்க. பக்கத்துக் காட்டை எட்டிப் பாக்கற பழக்கம் எனக்குக் கெடையாது. திருமூர்த்தி என்ன பண்றான், எப்பப் பண்றான்னு எனக்கு என்னத்துக்குங்க? போன செவ்வாக்கெழமை பதினோரு மணிக்கு வடக்குப் பாத்தியில யூரியா போட்டான். ஒன்றரை மூட்டை. கூட ஏதோ பச்சை டப்பா ஒண்ணு, பேரு இங்கிருந்து தெரியல. அவன் போட்டா எனக்கென்ன, போடாட்டி எனக்கென்ன?

ஆனா ஒரு நாயம் சொல்லோணும். போன மாசி மாசம் அவன் என்ற வெங்காயத்தக் கெடுத்தான். எட்டி நின்னே கெடுத்தான். என்னுதோட போயிருந்தாப் பரவால்லை, ஊர் வெங்காயமே போச்சு. கேளுங்க.

எங்களுக்குக் கெணறு பொதுவுங்க. எங்கப்பன் வெட்டுனது. மூணு நாள் தண்ணி எனக்கு, மூணு நாள் அவனுக்கு. மோட்டாரு தனித்தனி. ரெண்டு பேரும் சின்ன வெங்காயந்தான் நட்டிருந்தோம், அவன் எனக்கு ஒரு நாள் முந்தி நட்டான். நான் வெத வெங்காயம் வாங்கிட்டு வந்து எறக்குனதப் பாத்துட்டுத்தான் நட்டான், அது வேற. தான் திருடி பிறரை நம்ப மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க?

நாப்பதாவது நாளு. பழனியில ஒரு ஒரம்பரை கல்யாணம், சொந்தத்துல. நான் அப்பத்தான் போன்லயே மோட்டார் போடற ஸ்டார்ட்டர் மாட்டியிருந்தேன். இந்த ஊர்லயே மொத ஆளு நாந்தான். பந்தியில உக்காந்துட்டு போனை எடுத்து அமுத்துனேன். 'பாருங்க, இங்க நான் பாயாசம் குடிக்கறேன், அங்க என்ற வெங்காயம் தண்ணி குடிக்குது'ன்னேன். எலையெல்லாம் அப்படியே உட்டுட்டு எந்திரிச்சு வந்து பாத்தாங்க. பொண்ணு மாப்பிள்ளையக்கூட எவரும் அப்படிப் பாக்கல.

ஊட்டுக்கு வந்து பாத்தா, கெணத்துல தண்ணி இல்லை. அவன் முறையில கடைசிச் சொட்டு வரைக்கும் எறச்சுட்டுப் போயிருக்கான். மோட்டாரு வெறுங்காத்த இழுத்து இழுத்து காயில் கருகிக் கெடக்குது. தண்ணி இல்லைன்னாத் தானா நிக்கறதுக்கு ஒரு கருவி தனியா வாங்கோணும்னு ஸ்டார்ட்டர் மாட்டுனவன் சொல்லித்தான் இருந்தான். நம்ம கெணத்துல தண்ணி எப்ப இருக்கும்னு நமக்குத் தெரியாதான்னு உட்டுட்டேன்.

இத வெளிய எப்படிங்க சொல்றது? கல்யாணத்துக்கு வந்தவங்க பாதிப்பேரு உள்ளூரு. முன்னோடி விவசாயி மோட்டாரு முந்தா நாள் மாட்டுன கருவியில கருகிப் போச்சுன்னு பால் சொசைட்டில சொன்னா, அப்புறம் நான் பால் ஊத்தவே போக முடியாது. மோட்டாரச் சாக்குல சுத்தி, மேல நாலு கட்டுச் சோளத்தட்டு போட்டு, தாராபுரம் கொண்டு போனேன். காயில் கட்டறவன் ஆறு நாளாகும்னான். பூங்கொடிகிட்டக் கற்பூரம் அணைக்காத கொறையா சத்தியம் வாங்குனேன், மூச்சு உடக்கூடாதுன்னு.

ஏழாம் நாள் மோட்டாரு வந்துருச்சு. வெச்சு, பைப்பெல்லாம் பூட்டி, சுச்சுப் போடப் போனனுங்க. அப்பத்தான் அந்தப் பக்கம் கண்ணு போச்சு. நானாப் பாக்கல, கண்ணு போச்சு. திருமூர்த்தி காடு காஞ்சு கெடக்குது! அவன் முறை வந்து மூணு நாளும் முடிஞ்சு போச்சு, கெணத்துல தண்ணி நெறஞ்சு நிக்குது, அவன் மோட்டாரு ஓடவே இல்லை. வரப்புல நின்னுட்டு என்ற காட்டையே பாத்துட்டு இருக்கான்.

எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு. இவனுக்கு ஏதோ தாக்கல், புதுச் சேதி கெடைச்சிருக்குது. எவனோ படிச்சவன் சொல்லிக் குடுத்துருக்கான். அந்த வருசம் எல்லார் வெங்காயத்துலயும் நுனிக் கருகலுங்க, கடைக்காரரு ஆறு டப்பா மாத்திக் குடுத்தும் நிக்கல. ஈரத்தக் காய உட்டா சீக்கு நிக்கும்னு இவன் கண்டுபுடிச்சுட்டு என்னைப் பாத்துச் சிரிக்கறான். நான் தண்ணி உடுவேன், என்னுது மட்டும் அழியும், அவன் மட்டும் லாரி ஏத்துவான். அதுதானே திட்டம்? சுச்சுல வெச்ச கைய எடுத்துட்டேன்.

மூணாம் நாளு பூங்கொடி ரேசன் கடைக்குப் போயிட்டு வந்து சொல்றா: "ஏனுங்க, நீங்க தண்ணி நிறுத்துனதப் பாத்துத்தான் கொழுந்தனாரு நிறுத்துனாராம். அண்ணன் என்னமோ பெரிய எடத்துல கேட்டுட்டு வந்து பண்றாருன்னு நெனச்சாராம். சின்னவ கடையில சொன்னா. மண்ணு வாயப் பொளந்து கெடக்குதுங்க, தண்ணிய உடுங்க."

எப்படி இருக்குது பாருங்க. அவன் பொண்டாட்டி சொன்னாளாம், இவ கேட்டுட்டு வந்தாளாம். அது வலைன்னு இவளுக்குத் தெரியல. நாளெல்லாம் காட்டுல குனிஞ்சு களையெடுத்தாப் போதுமா, வெவரம் வேண்டாமா? "போயி மாட்டுக்குத் தட்டுப் போடு"ன்னேன். போட்டுட்டு வந்து மறுபடியும் அதையே சொன்னா.

இதுக்குள்ள ஊரு பாத்துருச்சு. பால் சொசைட்டில நான் கேனை எறக்கறதுக்குள்ள நாலு பேரு வந்து நிக்கறாங்க. "ஏனுங்க நாட்ராயண்ணா, எதுக்குங்க தண்ணி நிறுத்திட்டீங்க?" காயில் கருகுன நாயத்தச் சொல்ல முடியுங்களா? "எல்லாம் ஒரு கணக்கோடதான்"னு சொன்னேன். அவ்வளவுதான் அம்மிணி நாஞ்சொன்னது. மீதியெல்லாம் அவங்களே சொல்லிக்கிட்டாங்க. ஒருத்தன் சொல்றான், ஆமா, வேரு தண்ணியத் தேடி ஆழமாப் போகும்னு. ஒருத்தன் சொல்றான், காய் இறுகும், பட்டறை போட்டு மாசக்கணக்குல சேத்து வெச்சாலும் அழுகாதுன்னு. ஒரு பெருசு சொல்லுது, 'பேச்சில்லாத பங்காளிக ரெண்டு பேரும் ஒரே மாதிரி பண்றாங்கன்னா அதுல விசயம் இல்லாமப் போகாது'ன்னு. அதுதானுங்க எல்லாரையும் சாய்ச்சுப் போட்டுது. எங்க ரெண்டு பேர்த்தையும் நம்பாதவங்க கூட, நாங்க ஒத்துப் போனத நம்பிட்டாங்க.

அதுல மயிலாத்தான்னு ஒருத்தி. அரை ஏக்கரு குத்தகைக்குப் பண்றா, புருசன் இல்லை. அவ வெத வெங்காயத்த வெளிய வாங்கறதில்லைங்க. வருசா வருசம் அவளே பொறுக்கி, பட்டறை போட்டு, அதையே நடுவா. இந்த ஊர்ல அவ வெதைக்கு ஈடு வெத கெடையாது. நானே ரெண்டு தரம் அவகிட்ட வாங்கித்தான் நட்டிருக்கேன், அத எழுத வேண்டாம். அவ மத்தவங்க மாதிரி இல்லை. சொசைட்டி வாசல்ல என்னை நிறுத்தி நேராக் கேட்டா: "அண்ணா, இருக்கற வெதையெல்லாம் காட்டுலதான் இருக்குது. எனக்குன்னு வேற ஒண்ணும் இல்லை. நெசமாலுமே தண்ணிய நிறுத்தலாங்களா? நீங்க சொன்னாத்தான் செய்வேன்."

நான் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. 'ஆத்தா, என்ற மோட்டாரு கருகிப் போச்சு, நீ போயித் தண்ணி கட்டு'ன்னு. வாய் வரைக்கும் வந்துச்சுங்க. ஆனா சுத்தி நாலு பேரு நின்னாங்க அம்மிணி. சிரிக்காதவங்களா இருந்தாச் சொல்லியிருப்பேன்.

"நிறுத்து"ன்னேன்.

மறுநாள் சேனல் வெச்சிருக்கற தம்பி ஒருத்தன் வந்துட்டான், கேமராவும் கையுமா. சட்டையில மைக்கச் சொருகுனான். 'ஐயா, இந்த முறைக்கு என்னங்கய்யா பேரு?'ன்னான். பேரு வேணுமில்லீங்க? 'பட்டினி முறை'ன்னேன். எப்படித்தான் வந்துச்சோ. எத்தனை நாளுன்னான். பதினாறுன்னேன். ஏன் பதினாறுன்னு நீங்க கேக்கறீங்க, அவன் கேக்கலை. மேல வெயிலு, கீழ வெடிச்ச மண்ணு, நடுவுல நான், பத்து நிமிசம் மூச்சு உடாமப் பேசியிருக்கேன். அவன் அதுக்கு மேல 'தண்ணீரை நிறுத்தினால் மகசூல் இரட்டிப்பு! அதிரவைக்கும் விவசாயி!'ன்னு போட்டு உட்டான்.

ஒரு உண்மையச் சொல்றேன், கேட்டுக்குங்க. அது வரைக்கும் எனக்குள்ள ஒரு பயம் இருந்துச்சு. தெனமும் காலைல போயி வெங்காயத்தாளத் தொட்டுப் பாப்பேன், அது காயிதம் மாதிரி சலசலங்கும். ரெண்டு தரம் சுச்சு வரைக்கும் போயிட்டேன். அப்புறம் அந்த வீடியோ என்ற போனுக்கே வந்துச்சு, மூணு குரூப்புல இருந்து. போட்டுப் பாத்தேன். என்ன தெளிவாப் பேசறேங்கறீங்க! கைய நீட்டி, மண்ண அள்ளிக் காட்டி, வேரு எப்படிப் போகுதுன்னு வெரலு வெச்சுக் காட்டறேன். கீழ நூத்துக்கணக்குல எழுதியிருக்காங்க, 'அனுபவம் பேசுகிறது'ன்னு. அதப் பாத்ததுக்கப்புறம் எனக்கே முழு நம்பிக்கை வந்துருச்சுங்க. இவ்வளவு பேரு சொல்றாங்க, நான் மட்டும் சந்தேகப்பட்டா நல்லா இருக்குமா?

பூங்கொடி மட்டும் அசையல. வீடியோவக் காட்டுனேன். முழுசும் பாத்தா. பாத்துட்டு, "இதுல இருக்கறவருக்கு வெங்காயம் நட்டுப் பழக்கம் இல்லையாட்ட இருக்குது"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

பதினாறு நாளும் ஆச்சு. புடுங்குனோம். எப்படிச் சொல்றது, சுண்டைக்காய் பாத்திருக்கீங்கல்ல? அதுல பெருசுன்னா கோலிக்குண்டு. தோலு மட்டும் இருக்குது, உள்ள ஒண்ணும் இல்லை. நுனிக் கருகல் நின்னுருச்சுங்க, அது நெசம். கருகறதுக்குத் தாளு வேணுமில்ல? கூலிக்கு வந்த பொம்பளைங்க புடுங்கிப் பாத்துட்டு என்ற மூஞ்சியப் பாக்கறாங்க. நான் வரப்புப் பக்கம் திரும்பிக்கிட்டேன். திருமூர்த்தியும் அன்னைக்கே புடுங்குனான். அவன் காட்டுலயும் அதே சுண்டைக்காய்தான். தப்பா நெனைக்காதீங்க அம்மிணி, அந்த ஒரு நிமிசம் மனசுக்குக் கொஞ்சம் சந்தோசமாத்தான் இருந்துச்சு.

ஊர்ல மொத்தம் ஒம்போது காடு போச்சு. மத்தவங்க வஞ்சாங்க, கத்துனாங்க, சொசைட்டில என்ற கேனைத் தள்ளி வெச்சாங்க. அது பரவால்லைங்க, வஞ்சவன் நாலு நாள்ல வந்து பீடி கேப்பான். மயிலாத்தா வையல. ஒரு நாள் முந்தானையில வெங்காயத்தக் கட்டிட்டு வந்தா. இதா, இந்த எடத்துல அவுத்துக் கொட்டுனா. ஒண்ணொண்ணும் மொளகு மாதிரி. அத நட்டா மொளைக்காது, ஆக்குனா மணக்காது. "அண்ணா, உங்க மோட்டாருக்குக் காயில் கட்டுனது என்ற அக்கா பையனாம். நேத்துத்தான் சொன்னான்"னா. அவ்வளவுதான், போயிட்டா. பூங்கொடி அந்த வெங்காயத்தையெல்லாம் கூட்டாம மூணு நாளு அப்படியே போட்டு வெச்சிருந்தா. நான் தாண்டித் தாண்டித்தான் நடந்தேன்.

எனக்குச் சோறு எறங்கலீங்க. எறங்குச்சுன்னு சொன்னா அது பொய்யி. நல்ல வெதையா நான் வாங்கித் தர்றேன்னு சொல்லியனுப்புனேன். "எந்தூரு வெதையோ, ஆரு சொல்லி வாங்குனதோ, வேண்டாம்"னுட்டா. குத்தகைக் காட்டைத் திருப்பிக் குடுத்துட்டு இப்ப பனியன் கம்பெனி வேன்ல போறா. காலைல நம்ம ரோட்டு வழியாத்தான் வேன் போகும். நான் அந்நேரத்துக்கு மாட்டுக்கொட்டாயிக்குள்ள ஏதாச்சும் வேல பாத்துட்டு இருப்பேன்.

ஆனா நீங்க படிச்ச புள்ள, நீங்களே சொல்லுங்க. இதுல என்ற தப்பு எங்கிங்க இருக்குது? அன்னைக்குத் திருமூர்த்தி மட்டும் அவன் முறையில ஒழுங்காத் தண்ணி உட்டிருந்தான்னா, நானும் உட்டிருப்பேன். நான் உட்டிருந்தா ஊரே உட்டிருக்கும். எல்லாம் அவன் ஒருத்தனால. சுயபுத்தி இல்லாதவன் பக்கத்துல பண்ணையம் பண்ணுனா இப்படித்தான்.

என்ன கேட்டீங்க? வீடியோவா? எடுக்கச் சொல்லலாம்னு ரெண்டு தரம் அந்தச் சேனல் தம்பிக்குப் போன் பண்ணேன். மணியடிக்கறதுக்குள்ள நானே வெச்சுட்டேன். ரெண்டு லட்சத்து எழுவதாயிரம் பேரு பாத்தாச்சுங்க. எடுக்கச் சொன்னா எதுக்குன்னு கேப்பான், எதுக்குன்னு நான் சொல்லோணும்.

இருங்க அம்மிணி, போனு வருது. புது நம்பரு.

அலோ... ஆமாங்க, நாட்ராயன்தான் பேசறேன்... எந்தூருங்க?... பெரம்பலூரா, ரொம்பத் தூரத்துல இருந்து கூப்பிடறீங்க... பாத்தீங்களா, நல்லதுங்க... எத்தனை ஏக்கரு?... மூணு ஏக்கரும் வெங்காயமேவா... ம்... எத்தனை நாள் பயிருங்க?... முப்பத்தெட்டு... கருகல் நெறையா இருக்குதுங்களா...

அது வந்துங்க... இருங்க, ஒரு நிமிசம்...

இல்லீங்க, ஒண்ணுமில்லை, பக்கத்துல ஒரு அம்மிணி காலேஜ்ல இருந்து ஆராய்ச்சிக்கு வந்துருக்குது, அதான்... சொல்றேன், கேட்டுக்குங்க. பதினாறு வேண்டாமுங்க. பதினாறு எங்க மண்ணுக்கு. உங்க மண்ணுக்கு எட்டு நாளு போதும்... ஆமா, எட்டே நாளு. ஒம்போதாம் நாளு தண்ணிய உட்டுருங்க. மறந்துராதீங்க... அட, நன்றியெல்லாம் எதுக்குங்க. வெக்கறேன்.

ஏன் அம்மிணி அப்படிப் பாக்கறீங்க? இத்தன நாயத்தையும் கேட்டுட்டு என்னை மனசில்லாதவன்னு நெனச்சுட்டீங்களாட்ட இருக்குது. பதினாற சரிபாதியாக் கொறச்சுச் சொன்னது காதுல உழுந்துதில்லீங்க? அந்த மனுசனுக்கு மூணு ஏக்கர்ல ஒன்றரை ஏக்கராச்சும் மிஞ்சட்டும்.